கூடையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்

பட்டினப்பாக்கம்,
வெள்ளிக்கிழமை, காலை வியாபாரம் முடிந்த பிறகு.

அன்புள்ள பேத்தி ஜெயபாரதிக்கு உன் ஆயா தேசம்மாள் எழுதிக்கொண்டது. நான் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன். நீயும் திருச்சியில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று எல்லையம்மனை நம்பி இருக்கிறேன்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் சித்தப்பா மகள் சாருலதா மருந்தாளர் படிப்பை ஒரு பாடம்கூட விடாமல் தேறி, தி.நகரில் பெரிய மருந்துக் கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். டாக்டர் கிறுக்கிக் கொடுப்பதை அவள்தான் படித்துச் சொல்கிறாள். அதைப் பார்க்கவே நான் ஒரு நாள் பஸ் ஏறிப் போய், மாத்திரை எதுவும் வேண்டாம் என்றாலும் வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். அவள் தங்கை ஷ்ரேயா அலைச்சறுக்குப் போட்டியில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். முதலாவதாக வந்த பெண்ணுக்கு வெளிநாட்டுப் பலகை, நம் பெண்ணுக்கு வாடகைப் பலகை. அதனால் நம் பெண்தான் முதல் என்று நான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் தம்பி தேசிங்கு துறைமுகத்தில் இழுவைப் படகு இஞ்சினில் நிரந்தரமாகிவிட்டான். உன் நைனா கடலில் நாற்பது வருஷம் நின்று வாங்காத சட்டையை அவன் மூன்று வருஷத்தில் வாங்கிவிட்டான். நீலக் கலர், மார்பில் பெயர் தைத்தது.

அப்புறம் நீ. நம் குப்பத்தில் டிவிக்குள் போன முதல் ஆள் நீதான். கீழே பட்டையில் உன் பெயர் ஓடும்போது, ஐந்தாவது வரை படித்தவள் நான், எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். மற்றவர்களுக்கும் படித்துக் காட்டுவேன்.

பதினேழு நாளாக நீ சரியாகப் போன் எடுப்பதில்லை. எடுத்தாலும் மீட்டிங்கில் இருக்கிறேன் ஆயா என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

அந்தக் கட்சித் தலைவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. நல்ல காகிதம் இது. நடந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பக்கத்துக் கடை தனபாக்கியத்தின் போனில் ஓடியது. திருச்சி விமான நிலையத்தின் வாசலில் அவர் நிற்கிறார், இருபது மைக்கு அவர் வாய்க்குக் கீழே இருக்கிறது. போன தேர்தலில் கட்டித் தருவதாகச் சொன்ன ஆஸ்பத்திரி எங்கே என்று நீ கேட்டாய். அவர் எதிர்க்கட்சியைத் திட்டினார். நீ மறுபடியும் கேட்டாய். அவர் பேப்பர்காரர்களை எல்லாம் திட்டினார். நீ மூன்றாவது முறையும் அதையே கேட்டாய். எனக்கு அப்போது உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. விலையைச் சொல்லாமல் ஊர்க்கதை பேசும் வியாபாரியிடம் அப்படித்தான் கேட்க வேண்டும். நீ சின்னப் பெண்ணாய் என் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது காதில் வாங்கியதுதான் அது.

அப்போதுதான் அந்த ஆள் உன்னைப் பார்த்து, "ஏம்மா மீன்காரி மாதிரி கத்தறே, உன்னை யார் சொல்லிக் கொடுத்து அனுப்பினது" என்றார். சுற்றி நின்ற அவர் ஆட்கள் சிரித்தார்கள். அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

ஜெயா, அவர் திட்டியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதைவிட நல்ல திட்டு நான் காலை ஆறு மணிக்குள் நாலு வாங்குகிறேன். ஆனால் அவருக்குத் திட்டத் தெரியவில்லை. நம் கடை வரிசையில் ஒரு முறை உண்டு, உனக்கே தெரியும். யார் யாரை வேண்டுமானாலும் திட்டலாம். ஆனால் திட்டியவள் கூடையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, எதிராளி பதில் சொல்லி முடிக்கிறவரை அங்கேயே நிற்க வேண்டும். பதில் வாங்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறவளுக்கு மறுநாள் யாரும் கத்தியும் தர மாட்டார்கள், ஐஸும் தர மாட்டார்கள். அந்தத் தலைவர் திட்டிவிட்டுக் காரில் ஏறினார் பார், அந்த இடத்தில் எனக்கு அவர் மேல் இருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று. நம் வரிசையில் அவருக்கு ஒரு கூறு நெத்திலி விற்கக்கூட இடம் கிடைக்காது.

அதற்குப் பிறகு வந்ததுதான் வேடிக்கை. சாயந்தரம் டிவியில் நாலு பேரை நாலு பெட்டியில் அடைத்து உட்கார வைத்தார்கள். ஒருவர் தலைவர் கட்சி. எங்கள் தலைவர் மனதில் பட்டதைப் பேசும் சிங்கம் என்றார். சிங்கம் ஆஸ்பத்திரி கேட்டால் ஏன் ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. இன்னொருவர் எதிர்க்கட்சி. உன் பக்கம்தான் பேசினார், நானும் நல்ல மனிதர் என்று நினைத்தேன். ஒரு கட்சித் தலைவர் மீன் சந்தை மொழியில் பேசலாமா, இது தரம் கெட்ட பேச்சு என்று மேசையைத் தட்டினார். மூன்றாவது ஆள், வெள்ளைத் தாடி, பெரிய படிப்பாளியாம், அரசியல் மீன் சந்தையாகிவிட்டது என்று வருத்தப்பட்டார். நாலாவது ஆள் வாயைத் திறந்ததும் நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நடத்துகிற தம்பி கையைத் தூக்கி, ஐயா இது விவாத மேடை, மீன் மார்க்கெட் இல்லை என்றான்.

இரண்டு கட்சிக்கும் ஊரில் எதிலும் ஒத்துப்போகாது. எங்களைக் கேவலமாக நினைப்பதில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். தனபாக்கியம் பார்த்துவிட்டு, "இன்னாமே தேசம்மா, நம்ம கடையாண்ட ஒரே நேரத்துல நாலு பேரு கத்துனா வியாபாரம் ஆவுமா? இவனுங்களுக்கு மட்டும் எப்டி ஆவுது" என்றாள். எனக்கும் அதுதான் புரியவில்லை.

மூன்றாம் நாள் எதிர்க்கட்சி மகளிர் அணி கடைக்கே வந்துவிட்டது. மீனவப் பெண்களை இழிவுபடுத்திய தலைவரைக் கண்டித்துப் போராட்டமாம். ஆளுக்கு ஒரு கூடை கொண்டுவந்தார்கள். புதுக் கூடை, விலைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. எங்களுக்காகக் கோஷம் போடும்போது பாதிப் பேர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்திகூட ஒரு மீன் வாங்கவில்லை. எதிர்க்கடை கோட்டீஸ்வரி பொறுக்கமாட்டாமல், "எங்களுக்காவ வந்தீங்களே தாயி, மூக்கத் தொறந்துகினு கத்துனா இன்னும் நல்லா கேக்கும்" என்றாள். அவர்களும் சிரித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் தலைவர் கட்சி வட்டச் செயலாளர் வந்தார். தலைவர் தவறாக எதுவும் சொல்லவில்லை, மீன்காரி என்றால் உழைப்பாளி என்றுதான் அர்த்தம் என்று நாங்கள் கேமராவில் சொல்ல வேண்டுமாம். ஆளுக்கு ஒரு புடவை கொண்டுவந்திருந்தார். "அப்டீன்னா உங்க தலைவர் ஊட்டம்மாவ மீன்காரின்னு கூப்ட்டு ஒரு வீடியோ போடுங்க, நாங்களும் போடறோம்" என்றேன். புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோட்டீஸ்வரிக்கு மட்டும் அந்த மாம்பழக் கலர் புடவை போனதில் இன்றுவரை வருத்தம்.

அப்புறம் யூடியூப்காரன் ஒருவன். பாட்டி, உங்கள் மனசு புண்பட்டதா, கொஞ்சம் கண் கலங்கினால் நன்றாக இருக்கும் என்றான். "இன்னாத்துக்குக் கலங்கணும்? கவளை மீனு ஃப்ரெஷ்ஷா கீது, வாங்கிக்கினு போ" என்றேன். அவன் சைவமாம்.

இத்தனை பேர் வந்து போனார்களே, அந்த டிவிப் பெண் என் பேத்தி என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. வரிசையில் எல்லாருக்கும் தெரியும். அவர்களும் சொல்லவில்லை. ஏன் என்று நீ கேட்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

திட்டு வாங்கிய மறுநாள் மத்தியானம் உன்னையே டிவியில் உட்கார வைத்தார்கள். கடை வரிசை முழுக்கத் தனபாக்கியத்தின் போனைச் சுற்றி நின்றோம். நம்ம பொண்ணு இப்போ குடுப்பா பாரு என்று கோட்டீஸ்வரி சொன்னாள். அந்தத் தம்பி உன்னிடம் எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்டான். நீ அழகாகத்தான் பேசினாய், கண்ணாடி போட்டுக்கொண்டு. நடுவில் ஒன்று சொன்னாய். "நான் இரண்டு பட்டம் வாங்கியவள். என்னைப் போய் மீன்காரி என்று சொன்னால் எவ்வளவு கேவலம். எனக்கும் மீன் சந்தைக்கும் என்ன சம்பந்தம்?"

தனபாக்கியம் போனை அணைத்து மடியில் செருகிக்கொண்டாள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டீஸ்வரி சும்மா இருந்த தராசைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தனபாக்கியம் அவள் குடிக்க வைத்திருந்த டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான். அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உன் நைனாவிடம் சொன்னேன். "வுடும்மா, அது வேல அப்டி, அந்த நேரத்துக்கு இன்னா வாயில வருதோ அதானே" என்றான். பிறகு வலையை எடுத்துக்கொண்டு போய், கிழியாத வலையைச் சாயந்தரம்வரை தைத்துக்கொண்டிருந்தான்.

கேமராக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு பயம் பிடித்தது. நீ பட்டம் வாங்கிய கறுப்பு அங்கிப் போட்டோ, கடைக் குடைக் கம்பத்தில் கட்டியிருப்பேனே, யாராவது அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டால் உன் பேச்சு பொய்யாகிவிடுமே என்று நினைத்தேன். அவிழ்த்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஐஸ் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அன்றைக்கு மீர்சாகிப்பேட்டை அன்வரி பேகம் வஞ்சிரம் வாங்க வந்தார்கள். இருபது வருஷ வாடிக்கை, உன் பத்தாவது மார்க்குக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தவர்கள். டிவியில் வந்தது நம்ம ஜெயபாரதிதானே என்று ஆசையாகக் கேட்டார்கள். பக்கத்தில் கேமரா நின்றது. இல்லம்மா, அது வேற யாரோ பொண்ணு என்று சொல்லிவிட்டேன். அவர்கள் கம்பத்தைப் பார்த்தார்கள். வெறும் கயிறுதான் தொங்கியது. மீனை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்தத் தலைவருக்குப் பயந்து நான் பொய் சொல்லவில்லை. அந்தத் தாடிக்காரருக்கும் பயப்படவில்லை. உனக்காகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் என் வாயே எனக்கு நாறியது.

நானும் ஒரு முறை கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான், இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் தனபாக்கியத்தின் அம்மாவைத் திட்டக் கூடாத ஒன்று திட்டிவிட்டு, பதில் கேட்கப் பயந்து வீட்டுக்கு ஓடிவிட்டேன். மறுநாள் ஐஸ் கேட்டேன், ஒருவரும் தரவில்லை. பத்து மணிக்கெல்லாம் கூடையில் சங்கரா மீனுக்குக் கண் வெளுத்துவிட்டது. அதற்கு மறுநாள் அந்த அம்மா முன்னால் கூடையை இறக்கி வைத்து, திட்டுங்க என்று நின்றேன். அவர்கள் திட்டினார்கள், நன்றாகவே திட்டினார்கள். முடித்ததும், "சோறு துன்னியாடி" என்று கேட்டார்கள்.

அதனால் நானும் இப்போது முறைப்படி சொல்லிவிடுகிறேன். நீ சொன்னது கேவலம், ஜெயா. அந்தத் தலைவர் சொன்னதைவிடக் கேவலம். அவருக்கு எங்களைத் தெரியாது. உனக்கு முதல் வருஷப் புத்தகம் எது, அது எந்த வாரத்து மீன் காசில் வந்தது என்று தெரியும். இருபது மைக்குக்கு நடுவில் உன் குரல் தனியாகக் கேட்டதே, அது உன் இரண்டு பட்டத்தில் வந்த குரல் இல்லை, என் குரல்.

திட்டிவிட்டேன். கூடை தரையில்தான் இருக்கிறது. நான் எங்கேயும் போகவில்லை. பதில் உனக்கு இருந்தால் சொல், போனிலோ நேரிலோ, எவ்வளவு கடுமையாக இருந்தாலும் நின்று கேட்பேன். டிவியில் வந்து மன்னிப்பெல்லாம் கேட்காதே. அதற்கும் நாலு பெட்டியில் நாலு பேரை உட்கார வைப்பார்கள்.

அந்த ஆஸ்பத்திரிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதே. அந்த ஆள் அடுத்த முறை எந்த ஊரில் வந்து இறங்கினாலும் நாலாவது முறையும் கேள். அவர் மறுபடியும் மீன்காரி என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்று நான் சொல்லித்தர மாட்டேன். நீதான் படித்தவள்.

மழைத் தண்ணீரில் நடக்காதே, உனக்குச் சேற்றுப்புண் வரும். நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்ப ஆசை. அறைத் தோழிகளுக்கு வாடை ஆகாது என்றால் சொல்லிவிடு, வேண்டாம். தாய் எல்லையம்மன் உன் நாக்கிலும் காலிலும் கூடவே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. ஐஸ் பெட்டிக்கு அடியில் வைத்த போட்டோவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தபோது அங்கி இருக்கிறது, முகம் இல்லை. அதனால் புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. டிவி அட்டை கழுத்தில் தொங்குகிற மாதிரி இருக்கட்டும். அதைக் குடைக் கம்பத்தில் கட்டவா, வீட்டில் பீரோவுக்குள் வைக்கவா என்று பின்பக்கத்தில் நீயே உன் கையால் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் ஆயா,
மீன்கார தேசம்மாள்.