தேசிக்காய் பிழிந்த கை

வெள்ளவத்தை,
ஆவணி 12.

அன்பு மகள் சாம்பவிக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம், என்ர இடது முழங்கால் மட்டும் எங்களோடு கோபம். நீயும் ஒஸ்லோவில் நேரத்துக்குச் சாப்பிட்டு நித்திரை கொள்ளுகிறாய் என்று நம்புகிறோம். போனை அம்மா என்னிடம் தருவதற்குள் சார்ச் முடிந்துவிடுகிறது, அதுதான் எழுதுகிறேன். முதலில் ஒரு மன்னிப்பு. உன்ர ஆராய்ச்சி என்னவென்று சொந்தக்காரர் கேட்டால், டி.என்.ஏ. துண்டுகளுக்கு லைட் அடித்துப் பார்க்கிறாள், அதுக்கு விசாவும் குடுத்திருக்கிறாங்கள் என்று சொல்லிச் சிரிக்கிறனான். தெஹிவளைச் சித்தி, பிள்ளை கடைசியில் பல்ப் கடைதான் போடப்போகுதோ என்று கேட்டபோது ஓம் என்றும் சொன்னனான்.

நீ போனில் பாதிதான் கேட்டனி, முழுக்கக் கேள். வேல் விழாத் தேர் காலி வீதியால் வந்த அன்று தாகசாந்திப் பந்தலில் எலுமிச்சைத் தண்ணிக்கு இருநூறு தேசிக்காய் பிழிந்தேன், பெருமையில் உனக்குப் படமும் அனுப்பினேன். தேர் கிட்ட வர, கீழ்வீட்டு யதுஷாவின் மூன்று வயது மகள் தனக்குத் தெரியவில்லை என்று சிணுங்கினாள். கை கழுவாமலே அவளைத் தூக்கி, இரண்டு புயத்திலும் பிடித்தபடி அரை மணித்தியாலம் வெய்யிலுக்குள் நின்றேன். பிறகு நான் கழுவினேன், பிள்ளையை ஒருத்தரும் கழுவவில்லை. மூன்றாம் நாள் பிள்ளையின் இரண்டு புயத்திலும் ஐந்து விரலும் அச்சடித்த மாதிரிச் சிவந்து கொப்பளித்துவிட்டது. யதுஷா வேலையால் வந்து பார்த்துவிட்டு, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஹற்றனில் இருந்து வந்து நிற்கிற இராமலெட்சுமிதான் அடித்தது, பொலிசுக்குப் போகிறேன் என்று நின்றா. ஃபிளாட் முழுக்கக் கூடிவிட்டது. உன்ர கொப்பர் நான் சும்மா இருப்பனே? உற்றுப் பார்த்து, இது நல்ல பலமான கை, கோபத்தில் பிடித்த பிடி என்று தீர்ப்பும் சொன்னேன். இராமலெட்சுமி என்னைப் பார்த்து, "நான் பெத்ததுகளையே அடிச்சதில்லீங்கய்யா" என்றா. நான் மற்றப் பக்கம் பார்த்தேன்.

வம்புக்குத்தான் அந்தக் காயத்தின் படத்தையும் உனக்கு அனுப்பினேன். நீ திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பா, தேசிக்காய் பிழிஞ்ச கையால பிள்ளையைத் தூக்கினது ஆர்?" படியிறங்கிப் போய்ப் பிள்ளையின் புயத்துக்குக் கிட்ட என்ர கையைப் பிடித்துப் பார்த்தேன். அளவெடுத்த மாதிரி இருந்தது. இராமலெட்சுமியின் பை வாசலில் கட்டி இருந்தது. "பிள்ளை, இது என்ர கை" என்று யதுஷாவுக்குச் சொன்னேன். பிறகு நீதான் வீடியோவில் வந்து விளங்கப்படுத்தினாய். தேசிக்காயில் ஒரு பொருள் இருக்கு, நிழலில் அது சாது, வெய்யிலின் கண்ணுக்குத் தெரியாத ஒளி பட்டால் தோலின் டி.என்.ஏ. ஏணியில் இரண்டு பக்கத்தையும் பூட்டிப்போடும், அந்தக் கலங்கள் செத்து இரண்டொரு நாள் கழித்துத்தான் கொப்பளிக்கும் என்று. தோல் டொக்டரும் அதையே சொன்னார். உன்னைப் படிக்கவைத்தது நான் என்று திரிந்தனான், இந்தக் கிழமை படித்தது நான். என்ர வாயால் ஒரு மனுசியின் பெயர் கெடவிருந்தது, காப்பாற்றினாய் மகளே, நன்றி.

யதுஷா இராமலெட்சுமியின் கையைப் பிடித்து அழுதா. மனுசி அழவில்லை. அடையாளம் மறையுமட்டும் பிள்ளையைப் பார்த்துவிட்டு வேறு வீடு போவாவாம். என்னிடம் ஒன்று மட்டும் கேட்டா: "உங்க மக சொன்னத எழுதித் தரச் சொல்லுங்கய்யா. போற வீட்டுல யாராச்சும் கேட்டா நான் என்னத்தக் காட்டுறது?"

ஆகையால் ராசாத்தி, உன்ர பல்கலைக்கழகப் பெயர் போட்ட தாளில், தமிழில், கையெழுத்து வைத்து உடனே அனுப்பு. அவவின் முழுப்பெயரை எழுது. கை என்னுடையது என்பதையும் எழுது, என்ர பெயரையும் மறைக்காதே.

முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

உன்னால் தலை நிமிர்ந்தும் தன்னால் தலை குனிந்தும் இருக்கும்
அப்பா நாகேந்திரம்