இரண்டாவது தடவை தேடினால்

தோசர், அக்டோபர் 7, திங்கள்

அன்புள்ள நவ்ஃபல்,

நலமா? நான் நலமில்லை. நீ எழுதிக் கொடுத்த மின்னஞ்சல் மென்பொருள் இன்று என் மானத்தை வாங்கிவிட்டது.

அம்மா அனுப்பும் மாப்பிள்ளைக் கடிதங்களின் கதைதான் உனக்குத் தெரியுமே. 'கல்யாணம்' என்ற சொல் வந்தாலே 'தொல்லை' என்று குறிச்சொல் விழும். அது விழுந்தவை எந்தத் தேடலிலும் தலைகாட்டக் கூடாது. அப்படித்தான் வைத்திருக்கிறேன். இன்று அலுவலகக் கூட்டத்தில், ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் பேரீச்சம்பழம் கப்பலேறிய விவரத்துக்காக, எல்லோரும் பார்க்கப் பெரிய திரையில் 'ஸ்ஃபாக்ஸ்' என்று தேடினேன். ஒழுங்காக வந்தது. முதலாளி, "இன்னொரு தடவை தேடும்மா" என்றார். அதே தேடல்தான். அம்மா பிடித்த ஸ்ஃபாக்ஸ் மாப்பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள்!

"இந்தப் பல் டாக்டருக்கு என்ன குறைச்சல்? சொந்த வீடு இருக்கு, பல்லும் சொந்தம்தான் போல" என்றார் முதலாளி. கணினியைப் படாரென்று மூடினேன்.

அந்தப் பல் டாக்டர்தான் வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு பெண் பார்க்க வருகிறார். எனக்கும் அலுத்துவிட்டது. சரியென்று சொல்லிவிடுவேன் போலிருக்கிறது.

கோபத்துடன்,
துர்சாஃப்

ஸ்ஃபாக்ஸ், அக்டோபர் 8

அன்புள்ள துர்சாஃப்,

சிரித்ததற்கு மன்னிப்பு. அந்தத் 'தொல்லை'களை மொத்தமாகக் கட்டி அனுப்பு, வைத்துச் சோதிக்கிறேன். படிக்க மாட்டேன், சத்தியம். அனுப்பியவர் பெயரும் எண்ணிக்கையும் போதும்.

வெள்ளிக்கிழமைக்குள் அவசரப்பட்டுச் சரியென்று சொல்லிவிடாதே. ஸ்ஃபாக்ஸ்காரர்களை நான் அறிவேன்.

நவ்ஃபல்

ஸ்ஃபாக்ஸ், அக்டோபர் 9

அன்புள்ள துர்சாஃப்,

பிழை பிடிபட்டது. எதையெல்லாம் விலக்க வேண்டும் என்ற பட்டியலை முதல் தேடல் முடிந்ததும் என் நிரல் அழித்துவிடுகிறது. இரண்டாவது தேடலுக்குப் பட்டியலே இல்லை. முட்டாள்தனம் என்னுடையதுதான். ஒரு வரித் திருத்தத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் அதை உடனே போடாதே. நீ அனுப்பிய கட்டுக்குள் இருந்தவை நாற்பத்து நான்கு. நாற்பத்து மூன்று உன் அம்மா அனுப்பியவை. இன்னொன்று நான் அனுப்பியது; அதிலும் 'கல்யாணம்' என்ற சொல் இருந்ததால் மாட்டிக்கொண்டது. இரண்டு வருடமாக நீ திறக்கவே இல்லை. பதில் வராததே பதில் என்று நினைத்துக்கொண்டு, மறுபடி கேட்க வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

திருத்தத்தைப் போட்டால் அது மறுபடி மறைந்துவிடும். அதற்குமுன் 'ஸ்ஃபாக்ஸ்' என்று இரண்டு தடவை தேடு. அப்புறம் உன் விருப்பம்.

நவ்ஃபல்

தோசர், அக்டோபர் 10

அட மடையா,

தேடினேன். படித்தேன். அழுதேன், பிறகு சிரித்தேன். இரண்டு வருடம்! உனக்கு வாய் இல்லையா? உன் கண்ணுக்கு நான் புகார் எழுதுகிறவள் மட்டும்தான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

பல் டாக்டர் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அடிப்பாவி! ஒரு அண்டா மக்ரூத் இனிப்பு செஞ்சு வச்சிருக்கேன், யாருடி திங்கிறது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஸ்ஃபாக்ஸிலிருந்து வேற ஒருத்தன் வரான்மா" என்றேன். நாளைக்கு உன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்.

உன் கடிதத்திலிருந்து மட்டும் குறிச்சொல்லை எடுத்துவிட்டு, திருத்தத்தைப் போட்டேன். 'கல்யாணம்' என்று பத்துத் தடவை தேடினேன். பத்துத் தடவையும் ஒரே ஒரு கடிதம்தான் வந்தது.

உன்
துர்சாஃப்