வெடிமருந்துத் தலைவலி என்று நினைத்தோம்

என் ஆசை மல்லிகா அப்பாவுக்கு,

நம் மல்லிகாவுக்கு மூன்றாவதும் பெண். உங்கள் மூக்கு. தங்கவயல் ஊரிகத்தில், சுரங்கக்காரர் வரிசையில் நம் லைன் வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள். உங்களோடு சுரங்கத்தில் வெடி வைத்த ஏழுமலைக்கு வயதாகி, வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நேற்று வாசலில் வந்து நின்று, "இன்னா அண்ணி, இன்னும் என்மேல கோவமா?" என்றான். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

மறக்கிற ஜென்மமா நான்?

அந்த வருடம் முழுக்க உங்களுக்குத் தலைவலி. வெடிமருந்தைத் தொடுகிறவர்களுக்கு வருவதுதானே என்றது லைன் மொத்தமும். லீவு முடிந்து சுரங்கத்தில் இறங்கினால் முதல் நாள் மண்டையைப் பிளக்கும், பிறகு பழகிவிடும் என்றார்கள். நானும் ஈரத்துணி கட்டிக்கட்டி உங்களை ஷிப்டுக்கு அனுப்பினேன்.

அன்று மதியம் ஷிப்டு முடிந்து ஏழுமலைதான் உங்களைத் தோளில் தாங்கி வந்தான். பத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சிரித்தான்.

"அண்ணி, அண்ணன் நல்லா ஏத்திக்கினு கீறாரு. மேல ஏத்தற கேஜ்லயே தள்ளாட்டம். மேஸ்திரி கண்ல படாம இட்டாந்துட்டேன்."

நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள், நாக்கு புரளவில்லை. வாசற்படியிலேயே விழுந்தீர்கள். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து உங்கள் வாயை முகர்ந்து பார்த்தேன். சாராய வாடை இல்லை, வெடிப்புகை வாடைதான். அப்போது உங்கள் ஒரு கண் என்னைப் பார்த்தபடி திறந்திருந்தது.

கட்டிலோடு தூக்கிப் போனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு ஏழுமலை முந்திக்கொண்டான். "தண்ணி போட்டுட்டாருங்க. மத்தபடி வெடிமருந்து தலவலிதான்." டாக்டர் எழுதப் போனார். நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.

"பொய்யிங்க. பொங்கலுக்கு நாலு நாள் எங்க ஊர்ல இருந்தாரு. நாலு நாளும் விடியக்காலைல தலவலி, வாந்தி. அங்க ஏதுங்க வெடிமருந்து? ஆடி மாசத்துலருந்து எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்னாரு. போன வாரம் பொண்ணு பேரையே மறந்துட்டாரு."

டாக்டர் விளக்கைப் பிடித்து உங்கள் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். "மூளைல கட்டி இருக்கலாம்மா. இப்பவே வேலூருக்குக் கிளம்புங்க" என்றார்.

பேரணாம்பட்டு மலை வளைவுகளில் வண்டி இறங்க, உங்கள் தலை என் மடியில். ஒவ்வொரு வளைவிலும் "நம்ம பொண்ணு பேர் இன்னாங்க?" என்று கேட்டேன். நடுவில் இன்னொரு முறை இழுத்தது. குடியாத்தம் தாண்டித்தான் "மல்லி" என்றீர்கள். பாதிப் பெயர். அதைப் பிடித்துக்கொண்டுதான் வேலூர் வரை உட்கார்ந்திருந்தேன்.

கட்டியை எடுத்தார்கள். சுவரைப் பிடித்து நடந்து, என்னைத் திட்டி, என் கையால் சாப்பிட்டு, இரண்டு வருடம் இருந்தீர்கள். ஏழுமலையை நான் சபிக்கும்போதெல்லாம் ஒரே வார்த்தை சொல்வீர்கள். "உடு. அவன் மட்டுமா அப்டி நெனச்சான்?"

யாரைச் சொன்னீர்கள்? லைனையா, என்னையா? கேட்கத் துணிச்சல் வரவில்லை. நீங்களும் போய்விட்டீர்கள்.

இத்தனை வருடம் அவனைத் திட்டியது, என்னைத் திட்டிக்கொள்ளாமல் இருக்கத்தானோ?

அடுத்த முறை ஏழுமலை வந்தால் கதவைத் திறப்பேன். டீ கொடுப்பேன். மன்னித்தேன் என்று மட்டும் சொல்லமாட்டேன், அது எனக்கு வராது. நானும் முகர்ந்து பார்த்தேன் என்று சொல்வேன். உங்களிடம் சொல்லாததை அவனிடமாவது சொல்கிறேன். இது சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
மல்லிகாவின் அம்மா