கிப்பின் காது

அக்டோபர் 19, சனி

வேட்டை சீசனின் முதல் நாள். காலையில் பனி, பிறகு நல்ல வெயில். டிராக்டர் வண்டியில் வைக்கோல் கட்டின் மேல் இடிபட்டுக்கொண்டு மலையேறினோம். பள்ளிப் பேருந்து ஓட்டும் நெவில் வழக்கம்போல என் பக்கத்தில். என் நாய் கிப்பைப் பார்த்து, "என்ன பெரியவரே, இன்னும் ஓய்வு குடுக்கலையா? பென்ஷன் மறுத்துட்டாங்களா?" என்றார். கிப் அவர் கையிலிருந்த ஹாம் ரொட்டியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

முதல் சுற்று நன்றாகப் போனது. வரிசை கோணாமல் நடந்தோம், பறவைகளைக் கிளப்பக் கம்பால் மரங்களைத் தட்டினோம், ஃபெசன்ட் கோழிகள் இரண்டும் மூன்றுமாக எழுந்து, கீழே காத்திருக்கும் துப்பாக்கிக்காரர்கள் தலைக்கு மேல் போயின. அப்படித்தான் போக வேண்டும். இரண்டாவது சுற்றில் கிப் முன்னால் ஓடினான். நீளமாக ஒரு விசில் ஊதினேன், உட்கார் என்று. உட்காரவில்லை. மறுபடி ஊதினேன். வால் ஆடிக்கொண்டே போனது. காட்டின் ஓரத்தில் ஒளிந்திருந்த பறவைகள் எல்லாம் ஒரே வீச்சில் கிளம்பிவிட்டன. வாக்கி டாக்கியில் ஆர்ச்சியின் குரல்: "யாரு நாய்ப்பா அது?"

வேட்டைக்காவலர் அவர், கோபப்படத்தான் செய்வார். எதிர்க்காற்று, விசில் கேட்டிருக்காது என்றேன். காற்றே இல்லை. இலைகூட அசையவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

கிப் அடுப்பருகே தூங்கும்போது அவனுக்குப் பின்னால் நின்று பெரிய வாணலி மூடியைக் கல் தரையில் போட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அக்டோபர் 24, வியாழன்

கால்நடை டாக்டரம்மா கிப்பின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். "வயசுதான். பதினொண்ணு ஆச்சே. வலி ஒண்ணும் இல்ல. இன்னும் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"எப்பவாவது" என்றேன்.

எதற்கு இந்தப் பொய்? அவள் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறாள்? ஆனால் இங்கே எல்லோரும் எல்லோரிடமும் சொல்வார்கள். கேட்காத நாயை எந்தக் காவலரும் வரிசையில் விடமாட்டார். நிறுத்த முடியாத நாய் துப்பாக்கிக்கு முன்னால் போய் நிற்கும். எனக்குத் தெரியாததா?

கிப் இல்லாவிட்டால் சனிக்கிழமைகளில் நான் யார்? பள்ளிக்கூட அடுப்படியில் உருளைக்கிழங்கு மசிக்கிற ஒருத்தி, கையில் ஒரு கம்பு. அவ்வளவுதான்.

நவம்பர் 9, சனி

விசில் வேண்டாம், கை போதும். ஒரு கையைத் தூக்கினால் உட்காருகிறான், தொடையைத் தட்டினால் வருகிறான். நாலு எட்டுக்கு ஒரு முறை திரும்பி என் முகத்தைப் பார்க்கப் பழகிவிட்டான். இரண்டு வாரம் பின்கட்டு வயலில் பழக்கினேன். இன்று ஒரு தவறும் இல்லை. ஆர்ச்சியே, "கிழவன் இன்னைக்கு அழகா வேல செஞ்சான் ஹெதர்" என்றார். மனசு நிறைந்துபோயிற்று.

யாருக்கும் தெரியவில்லை. ஊருக்காக விசிலை வாயில் வைத்துச் சும்மா ஊதிக்கொண்டேன்.

நவம்பர் 23, சனி

துப்பாக்கி வரிசையில் ஒரு புது ஆள், பைக்ராஃப்ட். தெற்கிலிருந்து வருகிறார், பண்ணை முதலாளியின் விருந்தாளி. பறவை தலைக்கு மேல் வரும்வரை பொறுக்கத் தெரியாது. மூன்றாவது சுற்றில் எங்கள் தலைக்கு மேல் சடசடவென்று ஈயக் குண்டுகள், கூடவே ஒடிந்த சுள்ளிகள். என் தோளில் ஒரு சுள்ளி விழுந்தது. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.

ஆர்ச்சி காலையில் எல்லோரையும் நிற்கவைத்து எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தார்! தரையில் ஓடுவதைச் சுடக்கூடாது. பறவைக்குப் பின்னால் வானம் தெரிய வேண்டும். நாங்கள் காட்டோரம் நெருங்கிவிட்டோம் என்று கொம்பு ஊதியபின் காட்டைப் பார்த்துச் சுடவே கூடாது. ஆர்ச்சி நேராக அந்த ஆளிடம் போனார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. பைக்ராஃப்ட் சிரித்தபடி தொப்பியைத் தொட்டது மட்டும் தெரிந்தது.

"வீட்டுக்கு அனுப்பலையா?" என்று கேட்டேன்.

"முதலாளி கூட்டிட்டு வந்தவரு. நான் அனுப்பினா, அடுத்த வண்டியில என்னை அனுப்புவாரு" என்றார் ஆர்ச்சி.

நெவில் தொப்பியைக் கழற்றி உதறினார். "எனக்கு முடி இல்லாததால குண்டு வழுக்கிட்டுப் போயிடும். நீ ஜாக்கிரதையா இரு கண்ணு."

நவம்பர் 24, ஞாயிறு

என் தொப்பியின் மடிப்பில் ஒரு ஈயக் குண்டு. மிளகைவிடச் சிறியது. ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், ஏனோ தூக்கியெறியக் கை வரவில்லை.

டிசம்பர் 7, சனி

மதியச் சாப்பாட்டின்போது ஆர்ச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஹெதர், இந்த வருஷம் மூலையில நிக்கிறீங்களா? கிப்பையும் கயித்துல பிடிச்சுக்கலாம். முழங்காலுக்கும் நல்லது."

மூலையில் நிற்பது என்றால், பறவைகள் பக்கவாட்டில் ஓடிவிடாதபடி காட்டின் முனையில் கம்பைத் தட்டிக்கொண்டு தனியாக நிற்பது. இடுப்பு போனவர்களுக்கும் நாய் செத்தவர்களுக்கும் தருகிற வேலை.

"என் முழங்காலுக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. வண்டியில் எல்லோரும் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குத் தெரிந்துவிட்டதா?

டிசம்பர் 14, சனி

ஓடைக்கரை நாணலில் கிப் மறைந்துவிட்டான். நாணல் என் உயரம். கையைத் தூக்கி என்ன பயன், யார் பார்க்க? கத்தி என்ன பயன்? நாணல் நுனி அசைகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், அதுவும் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வெடி மேல் வெடி.

பிறகு தானாகவே வந்தான், மூக்கெல்லாம் சேறு, சிரிப்பு வேறு. நெவில்தான் முதலில் பார்த்தார். அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்து என்னிடம் கொண்டுவந்து விட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 18, புதன்

பௌர்ணமி கழிந்துவிட்டது. காட்டு உள்ளான்கள் கடல் தாண்டி வந்து இறங்கிவிட்டன என்று கடையில் பேச்சு. ஊசியிலைத் தோட்டத்துக்குக் கீழே காய்ந்த பெரணிப் புதருக்குள் நிறையவாம்.

எனக்கு அந்தப் பறவை பிடிக்காது. பாவம், அதன் மேல் குற்றமில்லை. தரையோடு தரையாக வளைந்து வளைந்து பறக்கும். அதைப் பார்த்தால் துப்பாக்கிக்காரர்களுக்குப் புத்தி பேதலித்துவிடும். அதன் சிறகிலிருந்து ஒரு சின்ன ஊசி இறகை எடுத்துத் தொப்பியில் செருகிக்கொள்வதில் அப்படி ஒரு பெருமை. அதனால்தான் உள்ளான் எழுந்தால் பார்த்தவர் "உள்ளான்!" என்று கத்த வேண்டும், நாங்கள் எல்லோரும் சட்டென்று தரையில் விழ வேண்டும். இருபது வருஷமாகக் கத்துகிறேன். வாய் தானாகத் திறக்கும்.

டிசம்பர் 27, வெள்ளி

நாளை பெரணிக் காடு. கிப்பை வீட்டில் விட்டுவிடலாம் என்று முடிவு செய்து, பூட்ஸுக்கு எண்ணெய் போட்டேன். வாசனை பிடித்து வந்து பூட்ஸின் மேலேயே படுத்துக்கொண்டான். எழுப்பினால் வாலை ஆட்டுகிறான், எழ மாட்டேன் என்கிறான்.

நாளை ஒரு நாள் மட்டும். அதன் பிறகு ஆர்ச்சியிடம் நானே சொல்லிவிடுகிறேன். சத்தியமாக.

டிசம்பர் 28, சனி

நெவிலுக்கு அடிபட்டுவிட்டது. ஐயோ நெவில்.

டிசம்பர் 29, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மனசு இதை வேறு மாதிரி மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடும்.

கடைசிச் சுற்று. பெரணி இடுப்பளவு, கிப்பின் நிறத்திலேயே. காட்டோரம் நெருங்கிவிட்டோம், கொம்பு இன்னும் ஊதவில்லை. பழைய கம்பிவேலி ஒன்றில் என் கால் சிக்கியது. குனிந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தால் கிப் வரிசைக்கு முன்னால், வெகு முன்னால். திரும்பிப் பார்த்திருப்பான், நான் குனிந்திருந்த நேரத்தில். என் முகம் தெரியவில்லை, அதனால் போய்க்கொண்டே இருந்தான்.

விசிலை ஊதினேன். கேட்காது என்று தெரிந்தே ஊதினேன்.

நெவில் வரிசையை விட்டு முன்னால் போனார். யாரும் செய்யாத காரியம். அவரே புதுசாக வருகிறவர்களைத் திட்டித் திட்டிச் சொல்லித்தருவது, உயிர் போனாலும் வரிசையை விட்டுப் போகாதே என்று. போய், கிப்பின் பட்டையைப் பிடித்து இழுத்தார். அந்த நேரம் கிப்பின் மூக்குக்குக் கீழிருந்து உள்ளான் எழுந்தது.

நான் கத்தினேன். "உள்ளான்!"

எல்லோரும் விழுந்தார்கள். நானும் விழுந்தேன். நெவில் மட்டும் நாயோடு மல்லுக்கட்டிக்கொண்டு பாதி நிமிர்ந்து நின்றார். கீழே பைக்ராஃப்டுக்கு என் குரல் தெளிவாகக் கேட்டிருக்கும். இறகு வேண்டுமே அவருக்கு. வானமும் பார்க்கவில்லை, மண்ணும் பார்க்கவில்லை, சுட்டுவிட்டார்.

நான் ஏன் கத்தினேன்? வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா? சும்மா இருந்திருந்தா அந்தாளு பறவைய பார்த்திருக்கவே மாட்டானே!

நெவில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். விரல்களுக்கு நடுவே ரத்தம். இன்னொரு கை கிப்பின் பட்டையை விடவில்லை. ஆர்ச்சி ஓடி வந்து விரலைப் பிரித்த பிறகுதான் விட்டது.

கிப்புக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஜனவரி 2, வியாழன்

நியூகாசில் ஆஸ்பத்திரி. வலது கண் போய்விட்டது. கன்னத்திலும் நெற்றியிலும் எடுக்க முடியாத குண்டுகள், அப்படியே இருக்கட்டும் என்கிறார்கள். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திராட்சைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போலீஸ் வந்து கேட்டிருக்கிறார்கள், ஏன் வரிசைக்கு முன்னால் போனீர்கள் என்று. "வழி தப்பிட்டேன்னு சொன்னேன். பெரணி உயரமா இருந்துச்சுல்ல" என்றார் நெவில்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? உண்மையைச் சொன்னா நாயை வரிசையில விடமாட்டாங்க. உன்னையும்தான்." "திராட்சைல ரெண்டு குடு. இந்தப் பக்கம் வந்து குடு, அந்தப் பக்கம் தெரியல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன்.

ஜனவரி 6, திங்கள்

பைக்ராஃப்டின் வக்கீல் எழுதியிருக்கிறாராம், வரிசை தாண்டி வந்தது நெவிலின் தவறு என்று. நெவிலின் பொய் அவர்களுக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தது போல் ஆகிவிட்டது.

ஆர்ச்சி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அக்டோபரிலிருந்தே கிப்புக்குக் காது கேட்காது என்று சொன்னேன். தெரிந்தேதான் கொண்டுவந்தேன் என்றும், நெவில் அவனைப் பிடிக்கத்தான் போனார் என்றும் சொன்னேன். காட்டு உள்ளானுக்குப் பின்னால் வானம் இல்லை, மேடுதான் இருந்தது என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் போலீஸிடமும் சொல்வேன் என்றேன்.

அவர் தேநீர்க் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "எனக்குச் சந்தேகம் இருந்துச்சு ஹெதர். கேட்டிருக்கணும். மூலையில நிக்கிறீங்களான்னு சுத்தி வளைச்சேன்." பிறகு, "நீங்க இனிமே வர வேண்டாம்" என்றார்.

சரி என்றேன்.

ஜனவரி 7, செவ்வாய்

நெவில் போனில் கத்தினார். "நான் ஒரு தடவை உருப்படியா பொய் சொன்னா அதையும் கெடுத்துட்டியே!" வைத்துவிட்டார்.

பிப்ரவரி 22, சனி

அந்தப் போனுக்குப் பிறகு முதல் முறையாக நெவில் வீட்டுக் கதவு எனக்குத் திறந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் உரிமத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். ஒற்றைக் கண்ணுக்குத் தரமாட்டார்கள். பைக்ராஃப்ட் பக்கம் அடங்கிவிட்டது. அந்த ஆளின் துப்பாக்கியையும் போலீஸ் எடுத்துக்கொண்டுவிட்டதாம். நெவிலுக்கு அதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவனுக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? மொத நாளே தெரியும். வண்டியில ரொட்டிப் பொட்டலத்தை அவன் முதுகுக்குப் பின்னால பிரிச்சேன், கண்ணு முன்னால நீட்டுற வரைக்கும் திரும்பலையே! ரொட்டிக்குத் திரும்பாத ஸ்பானியல் உண்டா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். நீ சொல்லல. சரி, பக்கத்துலயே நடப்போம்னு நடந்தேன்."

கிப் போய் அவர் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டான்.

"பகல்ல இவனை இங்க விட்டுட்டுப் போ" என்றார் நெவில். "நானும் சும்மாதானே இருக்கேன்."

ஜூலை 3, வியாழன்

காலையில் கிப்பை நான் கொண்டுபோய் விடுகிறேன், சாயங்காலம் கூட்டிவருகிறேன். சில நாள் வர மாட்டேன் என்கிறான். விட்டுவிட்டு வருகிறேன்.

அக்டோபர் 18, சனி

புது சீசன் இன்று தொடங்கிவிட்டது, நாங்கள் இல்லாமலே. நெவில் வீட்டு அடுப்படியில் பட்டாணி மசியலும் ஹாமும் சாப்பிட்டோம். ஜன்னலை மூடியிருந்தும் முதல் வெடி கேட்டது. என் கையிலிருந்த கரண்டி விழுந்தது. நெவில் சட்டென்று கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டோம். இரண்டாவது வெடிக்கும் அப்படியே. மூன்றாவதுக்கும்.

மலையில் வெடி நிற்கவே இல்லை. கிப் மேசைக்கடியில் மல்லாந்து படுத்து, வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டான்.

நெவில் குனிந்து வெகுநேரம் அவனையே பார்த்தார்.

"குடுத்து வெச்சவன்" என்றார்.