சத்தம் குறைந்துபோன வண்டி

நவம்பர் 18, செவ்வாய்

தூறல். நேற்றுத் துவைத்தது இன்னும் கொடியில். இடது முழங்கால் நேற்றெல்லாம் வலி, இன்றும்.

வேலை: பாத்திமா ஜாக்கெட்டுக்கு ஊக்கு. கேஸ் புக் பண்ண. இவருக்கு பிரஷர் மாத்திரை. மகளுக்கு போன் (ஷாஹினா பேச ஆரம்பித்தால் விடமாட்டாள், மாவாட்டிவிட்டுத்தான்).

இவர் விடியுமுன்னே குமுளிக்குத் திராட்சை லோடு. சாயங்காலம் நல்ல முகத்தோடு வந்தார். பிக்கப்பை வாசலில் ஓடவிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஒர்க் ஷாப் முருகேசன் கை வச்சதுல இருந்து சத்தம் பாதியாப் போச்சு. கவனிச்சியா மைமூன்?"

கவனித்தேன். டக் டக் டக் என்று அதே பழைய அடி. எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். "அப்படி ஒண்ணும் தெரியலையே" என்றேன். "ஆமா, ஆமா" என்று சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு முகம் கழுவப் போனார்.

ஊக்கு தைக்கவில்லை. கண் எரிச்சல்.

நவம்பர் 19, புதன்

மழை விட்டது. மலை தெரியவில்லை, மூட்டம்.

தம்பி காதர் மதியம் சாப்பிட வந்தான். ரம்ஜானுக்கு எடுத்த புது பிக்கப்பில். மீன் குழம்பில் உப்பு கூட. ரெண்டு பேரும் கவனிக்கவில்லை, வண்டிப் பேச்சு. சாப்பிட்ட கையோடு தெருவில் ரெண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு பானட்டைத் திறந்து வைத்து நின்றார்கள்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு மாப்ள" என்றார் இவர்.

காதர் கேலி என்று நினைத்துச் சிரித்தான். "மச்சான், ஒங்க வண்டி கருங்கல்லு ஒடைக்குது. என் வண்டி இங்கன நிக்கிதான்னே தெரியல."

இவர் காதரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காதர் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

மாத்திரை வாங்கினேன். கேஸ் புக் ஆயிற்று.

வரும் வழியில் முருகேசன் ஒர்க் ஷாப். அப்படி என்னதான் பண்ணினாய் என்று கேட்டேன்.

"நான் ஒண்ணுமே பண்ணலையேக்கா. ஆயில் மாத்துனேன், ஏர் பில்டரத் தட்டிப் போட்டேன். டீசல் பீச்சுற நாசில் தேஞ்சிருக்குன்னு சொன்னேன், அப்பறம் பாத்துக்கலாம்னு போயிட்டாக. முன்னவிட இப்ப சத்தம் கூடத்தான செய்யும்."

காதர் வண்டி மட்டும் ஏன் சத்தமில்லை என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம், அரை மணி நேரம் போச்சு. எனக்கு விளங்கினது: நம் வண்டி பழையது, டீசல் மொத்தமும் ஒரே மூச்சில் உள்ளே போய் ஒரே அடியாகப் பற்றிக்கொள்ளும். அந்த அடிதான் டக் டக். புது வண்டியில் முதலில் ஒரு சொட்டு மட்டும் போகும், அது பற்றின பிறகு மிச்சம். காய்ந்த எண்ணெயில் கடுகு மொத்தத்தையும் கொட்டுவதற்கும் நாலு கடுகு போட்டுப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். நாசில் தேய்ந்தால் இன்னும் மோசம். இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் செத்துப்போனால் அதிர்வு பாடிக்கு ஏறும். போதாததற்கு பானட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த மெத்தையை எலி தின்றுவிட்டதாம். "சத்தம் கொறைய வழியே இல்லக்கா" என்றான்.

வழியே இல்லை. அப்படியானால் குறைந்தது எது?

எனக்குத் தெரியும். ஷாஹினா போன் பண்ணினால் "ஒங்கம்மாட்ட பேசு" என்று என் கையில் தந்துவிடுகிறார். டீவி சத்தத்துக்கு நான் பின்கட்டில் போய் உட்கார்ந்து தைக்கிறேன். வயசு, அசதி, ஞாபகம் வேறு எங்கேயோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மலையடியில் லோயர் கேம்ப் தாண்டினால் வளைவுக்கு வளைவு ஆரன்தான். மூட்டத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, எதிரில் பஸ் வருவது காதுக்குத்தான் தெரியும். இவர் தினமும் ஏறி இறங்குகிறார்.

நவம்பர் 21, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

ஜும்ஆவுக்குப் போய் வந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று, சாதாரணக் குரலில், "என்னங்க, அடுப்படியில தீப்பிடிச்சிருச்சு" என்றேன். நகம் வெட்டினார். இன்னொரு தரம் சொன்னேன். அடுத்த விரலுக்குப் போனார்.

கையில் கரண்டியோடு அங்கேயே நின்றேன். பயம். வேறு எதுவும் இல்லை, வெறும் பயம். கோபம் பிறகுதான் வந்தது.

நவம்பர் 22, சனி

குமுளியில் சின்னம்மாவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டேன். "இந்தக் குளிர்லயா?" என்றார். கதவை இழுத்துச் சாத்தினேன். பதில் சொல்லித்தான் என்ன.

சுருளிப்பட்டித் தோட்டத்தில் லோடு. பேட்டரி வீக் என்று வண்டியை அணைக்கவில்லை, எப்போதும் அப்படித்தான். பெட்டி ஏற்றி, தார்ப்பாய் கட்டி, வந்து உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில். கர்ரென்று ஒரு நறநறப்பு, எனக்குப் பல் கூசியது.

"என்ன பாய், ஓடுற வண்டிய ஸ்டாட் பண்றீக?" லோடு ஏற்றின பையன்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். காது மடல் சிவந்திருந்தது.

மலையில் மூட்டம். மூன்றாவது வளைவோ நாலாவதோ. மேலேயிருந்து ஆரன். மறுபடி ஆரன், நீளமாக. இவர் நடுரோட்டை விடவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். ஒடித்தார், சக்கரம் சுவர் ஓரம் போய் நின்றது. கேரளா பஸ் உரசாத குறை. அந்த டிரைவர் தலையை நீட்டி, "எந்தா சேட்டா, செவி கேட்டூடே?" என்று மலையாளத்தில் கத்திவிட்டுப் போனார். காது கேட்காதா என்று.

அதுவும் இவருக்குக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். பிறகு, "மொதல்ல இன்ஜின் சத்தந்தான் கொறஞ்சுச்சுன்னு நெனச்சேன். ஆரனும் கொறஞ்சப்பதான் சந்தேகம் வந்துச்சு" என்றார்.

"எப்ப?"

வாயைப் பார்த்தார். "போன மழைக்கு. முருகேசன் கைராசின்னு சொல்லிப் பாத்தேன், நீயும் ஆமான்னுட்டா நிம்மதின்னு."

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா மலைக்கு விடமாட்ட. மலைக்கு விடலைன்னா நான் யாரு?"

பாக்கி வளைவுகளுக்கெல்லாம் ஆரன் கேட்டதும் அவர் தொடையில் தட்டினேன். தட்டினால் ஒதுங்கினார். சின்னம்மா வீட்டுக்குப் போகவில்லை.

நவம்பர் 24, திங்கள்

தேனி, காது டாக்டர். பஸ்ஸில் போனோம். கூட்டம்.

கண்ணாடி அறையில் உட்கார வைத்து காதில் மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். நான் வெளியே இருந்து பார்த்தேன். விரல் மடியிலேயே கிடந்தது. எப்போதாவது எழும்பும்.

டாக்டர் பொண்ணு நல்ல மாதிரி. இவர் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். வருஷக்கணக்காக இரைச்சலில் இருந்ததால் உள்ளே நரம்பு கெட்டிருக்கிறது. கூர்மையான சத்தம் முதலில் போகும். டக் டக் போய்விட்டது, அடியில் ஓடுகிற உறுமல் மட்டும் கொஞ்சம் எட்டுகிறது. அதனால்தான் வண்டி அமைதியானது மாதிரி இருந்திருக்கிறது. ஜன்னல் பக்கத்து வலது காது ரொம்ப மோசம். காதுக்கு மிஷின் வைக்கலாம், ஆனால் வண்டிக்குள் அது இன்ஜின் இரைச்சலையும் சேர்த்துத்தான் தூக்கும். வண்டி ஓட்டவே கூடாது, மலைப்பக்கம் நினைக்கவே வேண்டாம்.

"புது வண்டிக்கு மாறிட்டா?" என்றார் இவர். "சத்தமில்லாத வண்டி இருக்கும்மா இப்ப. என் மச்சினன் வச்சிருக்கான்."

"இருக்குறதக் காப்பாத்திக்கலாம் ஐயா. போனது திரும்பாது."

வெளியே டீ குடித்தோம். சர்க்கரை இல்லாமல் சொல்ல மறந்துவிட்டேன், அவரும் குடித்துவிட்டார். சின்னமனூர் தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், "காதர்ட்ட சொல்லிரு. மலை லோட அவன் பாக்கட்டும்" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாக. தான் மெதுவாகப் பேசுவதாக நினைத்திருப்பார் பாவம்.

நவம்பர் 26, புதன்

பனி. முழங்கால் அப்படியே. பாத்திமா ஜாக்கெட்டை வாங்கிப் போய்விட்டாள், கழுத்து இறக்கம் என்று ஒரு குறை.

காதர் வண்டி சர்வீசுக்கு விட்டிருக்கிறான். அதனால் நம் வண்டியையே எடுத்துக்கொண்டு போக வந்தான். சாவியை நான்தான் கொடுத்தேன். "மச்சான் எந்திரிக்கலையா?" என்றான். கட்டிலில் ஒருக்களித்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நல்ல காது தலையணையில்.

ஜன்னலுக்கு நேர் கீழே காதர் வண்டியைக் கிளப்பினான். குளிருக்கு ரெண்டு தரம் செருமி, மூன்றாவதில் பிடித்தது. தெருவே எழுந்துகொள்கிற மாதிரி டக் டக் டக். சூடாகட்டும் என்று கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு எடுத்தான்.

வண்டி தெரு முக்குத் திரும்பும்போது இவர் புரண்டு என்னைப் பார்த்தார்.

"காதர் இன்னும் வரலையா?"