நேர்ந்துவிட்ட கிடா

ரிங்லெட், தோட்டத்து லயம்
ஆகஸ்ட் 1979

அன்புள்ள மச்சான்,

மகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். அவள் பிழைத்தால் முனியாண்டிக்கு வெட்டுவதாக நீங்கள் நேர்ந்துவிட்ட கிடாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிரிஞ்சாங்கில் ஆராய்ச்சிக்காரர்கள் ஊசி போட்டு மனித அறிவு வரவழைத்த ஆடுகளில் அதுவும் ஒன்றாம். விற்றவன் உங்களிடம் மறைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை கோயிலில் மாலை போட்டபோது, அதுவரை வாயே திறக்காத கிடா என்னிடம் பேசியது.

"அக்கா, பாப்பா பொழைச்சதுல எனக்கும் சந்தோசம்தான். ஆனா சாகச் சம்மதமான்னு என்னைய யாருமே கேக்கல லா."

நேர்த்தியை மீறினால், கிளந்தான் காட்டில் மரம் வெட்டும் உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். பூசாரி காளிமுத்து அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்.

"பேசுற உசுர வெட்டுனா அது கொலைம்மா. வேற ஏதாச்சும் குடு," என்றார்.

என் முடியை இறக்கிக் கொடுத்தேன்.

கிடா இப்போது நம்மோடுதான் இருக்கிறது. மகளோடு சேர்ந்து எழுத்துப் படிக்கிறது.

நேற்று அது ஒன்று சொன்னது. மகள் நினைவில்லாமல் கிடந்த அன்று, கொட்டகையில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நீங்கள் அழுதீர்களாம். இத்தனை நாள் உங்களைக் கல்நெஞ்சுக்காரர் என்றே நினைத்திருந்தேன்.

தீபாவளிக்குக் கட்டாயம் வாருங்கள். உங்கள் மேல் அதற்குக் கோபம் இல்லையாம். எனக்கும் இல்லை.

உங்கள் வீட்டுக்காரி