சின்ன எஞ்சினின் சத்தம்

முள்ளிவாய்க்கால்

அன்பு மகள் கௌசலாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் பிள்ளையும் சுகமாயிருக்க வற்றாப்பளை அம்மனைக் கும்பிடுகிறேன். எங்கள் சுகத்தை இந்த இடத்தில் எழுத மனம் வரவில்லை. விடியுமுன் கடலுக்குப் போன அப்பா இன்னும் வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன். கை சும்மா இருந்தால் வீட்டுக்கும் கரைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன் என்றுதான் பேனாவை எடுத்தேன். இதைப் போனிலும் சொல்ல முடியாது, உன் அழைப்பு வந்தாலே அப்பா ஓடிவந்து பக்கத்தில் நிற்பார்.

எல்லாம் நீ வாங்கித் தந்த சின்ன எஞ்சினால் வந்த வினை. படகின் பெரிய எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டால் கரை சேர ஒரு துணை வேண்டும் என்று நீயும் நானும் பேசித்தானே அதை வாங்கினோம். அப்பா அதைப் பூட்டவே மாட்டேன் என்று நின்றார். "இதைக் கொண்டுபோனா பெரிசு நிக்கப்போகுதெண்டு நானே சொல்லுற மாதிரியெல்லோ" என்றார். குசினி மூலையில் கிடந்து என் காலைத்தான் இடறியது. இனி அடுப்பு மூட்ட மாட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான், தன்னோடு வலைக்கு வரும் ரஜிதனைக் கூட்டிக்கொண்டு கரைக்குத் தூக்கிப் போனார். வலை இழுப்பது வலப்பக்கம் என்பதால் படகின் பின்பலகையில், பெரிய எஞ்சினுக்கு இடப்பக்கமாக, ஒரு தடித்த பலகை வைத்துப் பூட்டினார்கள். முதலில் உயரமாகப் பூட்டிவிட்டார்கள். எஞ்சினின் விசிறி பாதி வெளியே நின்று தண்ணீரை வாரி இறைத்ததே தவிர படகு அசையவில்லை. நின்றவர்கள் சிரிக்க அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. கழற்றி, பலகையைக் கீழே இறக்கி மறுபடி பூட்டி, அதிர்வில் கழன்று கடலில் விழாமல் கயிறும் போட்டுக் கட்டினார்.

அன்று நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். அது நிலைக்கவில்லை. கரையின் பனைகள் தெரியும் தூரத்தில் வலை போட்டவர், இப்போது கரையே தெரியாத இடத்துக்குப் போகிறார். கேட்டால், "ரெண்டு இருக்குத்தானே, என்ன பயம்? உன்ர மகளைக் கேள்" என்று சிரிப்பு வேறு. திரும்பி வரட்டும் என்று வாங்கிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு தூரம் போகிற மனிதரை நான் என்ன செய்ய? உன்மேலும் கோபம் வருகிறது, என்மேலும் வருகிறது.

மற்றப் படகுகள் எல்லாம் வந்து மீனும் விற்று முடிந்துவிட்டது. ரஜிதனின் மனைவி சுமித்திரா வேலியடியில் வந்து வந்து, "மாமி, ஏதும் தெரிஞ்சுதோ?" என்று கேட்கிறாள். "வருவினம் பிள்ளை" என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன், எனக்கு யார் சொல்வது? உன் பிள்ளைக்கு இருமல் என்றாய், குளிர்ந்த பாலைக் கொடுக்காதே. சோறு ஆறிவிட்டது, நானும் சாப்பிடவில்லை. பொறு மகள், கடல் பக்கம் ஏதோ சத்தம். பெரிய எஞ்சினின் முழக்கம் இல்லை, தையல் மெஷின் ஓடுகிற மாதிரி மெல்லிதாகக் கேட்கிறது. பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டார்கள். பெரியது நடுக்கடலில் நின்றுபோய், சின்னதுதான் ஊர்ந்து ஊர்ந்து இருவரையும் கொண்டுவந்து சேர்த்தது. எல்லாரும் பார்க்க அப்பாவை ஏசு ஏசென்று ஏசினேன், பிறகு அழுகை வந்துவிட்டது. அவர் "பசிக்குது" என்று மட்டும் சொன்னார். இப்போது குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒன்றை மறந்துவிடாதே. போன் எடுக்கும்போது சின்ன எஞ்சினைப் புகழ்ந்து ஒரு வார்த்தையும் சொல்லாதே, சொன்னால் நாளைக்கு இன்னும் தூரம் போவார். பனை தெரியும் தூரத்தைத் தாண்ட மாட்டேன் என்று அவர் வாயால் உனக்குச் சொல்ல வை. என் பேச்சு எடுபடாது, நீ கேட்டால்தான் அவர் மறுக்க மாட்டார். உங்கள் மூவரையும் அம்மன் காக்கட்டும். மேலே எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்: இன்றைக்கு நாங்கள் சுகம்.

உன் அம்மா
கமலாசனி